சித்தப்பாவின் வேனும் தூங்காத அம்ப்ளிபயரும்

எலக்ட்ரிக் வேலையில் ஒன்றுமே தெரியாதவனால் ஆபத்தில்லை. அவன் வயரைத் தொடமாட்டான். எல்லாம் தெரிந்தவனாலும் ஆபத்தில்லை. அவன் தொட்டால் சரியாகத் தொடுவான். உலகத்தில் கிளம்புகிற புகைச்சல் அத்தனைக்கும் காரணம், ஹட்டனில் ரேடியோ, டீவி திருத்தும் வகுப்பு ஒன்றுக்குப் போய், பாதிப் பாடத்தோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊருக்கு வருகிறானே, அவன்தான். தொண்ணூறுகளின் கடைசியில் ராகலைப் பக்கம் அந்த அவன் நான்.

என் சித்தப்பா நானுஓயா ரயில் நிலையத்தில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ரயிலில் வந்து இறங்குகிறவர்களை நுவரெலியாவுக்கும் சுற்றியுள்ள தோட்டங்களுக்கும் கொண்டுபோய்விடுவது தொழில். அந்த வேனை அவர் பிள்ளையைப்போல வளர்த்தார். (பிள்ளைகளைக் கொஞ்சம் கவனக்குறைவாகத்தான் வளர்த்தார்.) அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரி இருந்தான்: அதே ஸ்டேஷனில் நிற்கும் ஒரு நீல வேன்காரன். ரயில் வந்து நிற்கும் முன்பே அவன் வேனின் கண்ணாடிகள் பாட்டுச் சத்தத்தில் அதிரும். இளவட்டம் முழுக்க அதில்தான் ஏறும். சித்தப்பாவுக்கு மிஞ்சுவது வயதானவர்களும் வளைவுக்கு வளைவு வாந்தி எடுப்பவர்களும்.

"அவன் வண்டியில சத்தத்துக்கு ரெண்டு அம்ப்ளிபயர் பூட்டியிருக்கானாம்டா. நம்மகிட்ட ஒன்னுதான் இருக்கு. ஒனக்குப் பூட்டத் தெரியுமா?" என்று சித்தப்பா கேட்டார்.

இதற்குச் சரியான பதில் "தெரியாது" என்பது. நான் சொன்னது, "அதெல்லாம் ஒரு வேலையா சித்தப்பா?"

இதில் இன்னொரு சங்கதியும் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை என் அக்கா பவானியைப் பெண் பார்க்க டயகமவிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தார்கள். மாப்பிள்ளை லோகநாதன் தோட்டப் பாடசாலையில் வாத்தியார். அவர்களைப் போய்க் கூட்டிவருவது சித்தப்பாவின் வேன். அக்காவுக்கு அதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தமும் தட்டிப்போயிருந்தன. அம்மா கோயிலுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். "வண்டியில ஏறின ஒடனேயே நம்ம குடும்பத்து மதிப்பு தெரியணும்டா" என்றார் சித்தப்பா. குடும்பத்து மதிப்பை, மேளம் அதிரும் பேஸ் ஸ்பீக்கர் பெட்டி வழியாகத் தெரிவிக்கலாம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றியதுதான் பெரிய வேடிக்கை.

சனிக்கிழமை முழுக்க ஸ்டேஷனில் நின்ற வேனுக்குள் தலைகீழாகக் கிடந்தேன். வேலை இதுதான். முன்சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டரியிலிருந்து மொத்தமான சிவப்பு வயர் ஒன்றைப் பின்பக்கத்துக்கு இழுக்க வேண்டும். அதில் பெட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ் போட வேண்டும். (போடவில்லை. வாங்க மறந்துவிட்டேன்.) கறுப்பு வயரை வேனின் பொடியில், அதாவது இரும்பு உடம்பில், நல்ல இடமாகப் பார்த்து, பெயிண்டைச் சுரண்டிவிட்டு முறுக்க வேண்டும். சித்தப்பா பெயிண்டைச் சுரண்ட விடுவாரா? "கீறல் விழுந்துச்சு, தோல உரிச்சிருவேன்" என்றார். ஆகவே பின்பக்க சிக்னல் லைட்டின் எர்த் வயர் பூட்டியிருந்த அதே பழைய ஆணியில் என் கறுப்பு வயரையும் சுற்றிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. பாட்டுச் செட்டிலிருந்து மெல்லிய நீல வயர் ஒன்று வரும். செட்டைப் போட்டால் அம்ப்ளிபயரை எழுப்புவதும் நிறுத்தினால் தூங்கப்போடுவதும் அதன் வேலை. அதில் இரண்டாவது அம்பையும் இணைக்கப் பார்த்தபோது இடம் போதாமல் கை இடித்துக்கொண்டே இருந்தது. எரிச்சலில், எழுப்பும் வயரை நேரே பெட்டரி வயரோடு முறுக்கி டேப் சுற்றிவிட்டேன். செட் ஓடினாலும் ஓடாவிட்டாலும், சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த அம்ப் இனித் தூங்காது.

பாட்டைப் போட்டோம். வேன் அதிர்ந்தது. பக்கத்துக் கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். சித்தப்பாவின் கண் கலங்கிவிட்டது. "நீதான்டா என் வாரிசு" என்றார், மூன்று மகன்களைப் பெற்ற மனிதர்.

மறுநாள் காலையில் வேன் கிளம்பவில்லை. இரவெல்லாம் விழித்திருந்த அம்ப் பெட்டரியை உறிஞ்சி முடித்திருந்தது.

"குளிருக்கு பெட்டரி வெறச்சிருச்சு சித்தப்பா" என்றேன். ஸ்டேஷன் இறக்கத்தில் தள்ளி ஸ்டார்ட் பண்ணினோம். தள்ளுவதற்கு வந்த நீல வேன்காரன் சிரித்த சிரிப்பு சித்தப்பாவின் முதுகில் டயகம வரைக்கும் ஒட்டிக்கொண்டு வந்தது.

டயகமவில் மூன்று பேர் ஏறினார்கள். மாப்பிள்ளை; முழங்கால் வலியோடு நடக்கும் அவருடைய அம்மா; மாப்பிள்ளை வேலை செய்யும் பாடசாலையின் தலைமையாசிரியரான அதிபர். அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர். இடம்பெயர்ந்து வந்து எங்கள் மலையிலேயே தங்கிவிட்டவர். பெரிய மனுஷராக முன்னின்று பேச வந்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா மடியில் ஒரு பித்தளைத் தட்டு. அதில் பழம், பூ, வெற்றிலை, ஒரு சேலை. அதைப் பின்சீட்டில் வைக்கச் சொல்லிப் பார்த்தோம். "ஆடிக் கொட்டிறும்பா, நானே வச்சிக்கிறேன்" என்று இறுகப் பிடித்துக்கொண்டார்.

வேன் கிளம்பியதுமே பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. என்ஜின் வேகமெடுத்தால் மேலே போகும், குறைந்தால் கீழே இறங்கும், ஒரு மெல்லிய நீண்ட ஊளை.

"தம்பி, உந்த வான் ஏன் அழுகுது?" என்று அதிபர் கேட்டார். (அவர் ஊரில் வேனை வான் என்பார்கள்.)

"புது அம்ப் சேர். பழகணும்" என்று சொல்லிப் பாட்டைக் கூட்டினேன். (அம்ப்ளிபயர் பழகுமா என்று அவர் கேட்கவில்லை. மரியாதையான மனிதர்.)

நானுஓயாவைத் தாண்டி நுவரெலியா வந்து, ராகலை ரோட்டில் ஏறியபோது மத்தியானம்தான். ஆனால் மூடுபனி இறங்கி முன்னால் போகும் வண்டியே தெரியவில்லை. சித்தப்பா ஹெட்லைட்டைப் போட்டார். அப்போதுதான் அடுத்த வினோதத்தைப் பார்த்தோம். பாட்டில் ஒவ்வொரு முறை மேளம் அடிக்கும்போதும் ஹெட்லைட் மங்கி, மேளம் ஓய்ந்ததும் பிரகாசமாகியது. எதிரே வந்த மரக்கறி லொறிக்காரன் நாங்கள் ஏதோ சைகை காட்டுவதாக நினைத்து நடுரோட்டில் பிரேக் அடித்தான். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் எதுவுமே இல்லை. சித்தப்பா ஒடித்துத் திருப்பியதில் மாப்பிள்ளையின் அம்மா தட்டோடு மாப்பிள்ளைமேல் சாய்ந்தார்.

பயத்தில் சித்தப்பா நாலு பக்க சிக்னலையும் ஒன்றாகப் போட்டுவிட்டார். முன்னாலும் பின்னாலும் மஞ்சள் விளக்குகள் விட்டுவிட்டு எரிய, பாட்டு அலற, நாங்கள் ஊர்ந்தோம். அப்படி ஊர்ந்து நேராகப் போய் நின்றது ஆமிக்காரர்களின் செக்பொயிண்டில்.

அந்தக் காலத்தை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது யுத்த காலம். சண்டை நடந்தது எங்கோ வடக்கில். ஆனால் பெயர் தமிழ்ப் பெயராக இருந்தால் மலையில் இருந்தவனின் கையும் செக்பொயிண்டில் அடையாள அட்டையைத் தடவிப் பார்க்கும். எங்கள் பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பையன் ஒருவன் கொழும்புக்கு வேலைக்குப் போனவன், அடையாள அட்டையை மறந்து வைத்துவிட்டு வெளியே இறங்கிய ஒரே காரணத்துக்காக, எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாமல் மாதக்கணக்கில் காணாமல் போயிருந்தான். அவனுடைய அம்மா, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

என் வயதுதான் இருக்கும் ஒரு சிப்பாய் வந்து வேனின் கூரையில் தட்டினான். பாட்டை நிறுத்தச் சொன்னான். சித்தப்பா செட்டை நிறுத்தினார். என்ஜினையும் நிறுத்தச் சொன்னான். சித்தப்பா சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

வேன் அமைதியானது. அந்த அமைதியில், பின்னாலிருந்து வந்தது.

டொக்... டொக்... டொக்...

சிப்பாய் தலையைச் சாய்த்துக் கேட்டான். "மொகத மே சத்தே?" என்ன சத்தம் இது?

"ரேடியோ மாத்தயா" என்றார் சித்தப்பா, சிங்களத்தில். மாத்தயா என்றால் ஐயா.

"ரேடியோவை நிறுத்தியாச்சே?"

சித்தப்பா கையிலிருந்த சாவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெறுமையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

டொக்... டொக்... டொக்...

சிப்பாய் பின்கதவைத் தூக்கினான். நானும் இறங்கிப்போய் எட்டிப் பார்த்தேன். அதுவரை என் கைவேலையை என் கண்ணால்தான் பார்த்திருந்தேன். இப்போதுதான் முதன்முறையாக ஓர் ஆமிக்காரனின் கண்ணால் பார்த்தேன். கறுப்பு மரப்பெட்டி. அதன்மேல் இரும்புப் பெட்டி. அதில் அணையாமல் எரியும் சிவப்பு விளக்கு. அங்கங்கே டேப் சுற்றிய மொத்தமான சிவப்பு வயர் ஒன்று சீட்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டு போகிறது. உள்ளேயிருந்து கடிகாரம்போல ஒரு சத்தம்.

அவன் மெதுவாகப் பின்வாங்கினான். பிறகு கத்தினான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. ஒரு விசில் ஊதியது. ரோட்டை இரண்டு பக்கமும் மறித்தார்கள். பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து சனம் இறங்கி ஓடியது. மாப்பிள்ளை லோகநாதன் கதவைத் திறந்து ஒரே தாவலில் தேயிலைக்குள் பாய்ந்து மறைந்தார். அதிபர் ஓடவில்லை. "நிலத்தில படுங்கோ! எல்லாரும் விழுந்து படுங்கோ!" என்று கத்தியபடி, வெள்ளை வேட்டி சட்டையோடு, ரோட்டோரத்துச் சேற்றுக் கால்வாயான கானில் குப்புறப் படுத்துக் காதைப் பொத்திக்கொண்டார். இறங்கினதும் படுத்ததும் அவ்வளவு கச்சிதம்.

வேனுக்குள் மாப்பிள்ளையின் அம்மா மட்டும் இருந்தார். முழங்கால் மடங்கவில்லை. கையில் தட்டு.

"அம்மா, எறங்குங்க! தட்ட விட்டுட்டு எறங்குங்க!" என்றார் சித்தப்பா, தூரத்தில் நின்றபடி.

"சேல இருக்குப்பா!" என்றார் அந்த அம்மா.

நான் என்ன செய்தேன்? நானும் ஓடத்தான் பார்த்தேன். கால் காற்றில் அசைந்தது, உடம்பு நகரவில்லை. சிப்பாய்களின் தலைவரான கோப்ரல் என் சட்டைக் காலரைப் பின்னால் பிடித்திருந்தார்.

அப்போது தேயிலைக்குள்ளிருந்து மாப்பிள்ளை திரும்பி ஓடிவந்தார். ஒரு காலில் சப்பாத்து இல்லை. சிப்பாய்கள் கத்தியதைக் காதில் வாங்காமல் வேனுக்குள் ஏறி, அம்மாவைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு இறங்கினார். அந்த அம்மா தட்டைத் தூக்கிப் பிடித்திருந்தார். ஒரு வெற்றிலைகூடக் கீழே விழவில்லை.

"இதைச் செய்தது யார்?" என்றார் கோப்ரல், சிங்களத்தில்.

சித்தப்பா என்னைக் கை காட்டினார். வாரிசு உரிமையெல்லாம் அதோடு முடிந்தது.

"மாத்தயா, அது பாட்டுப் பெட்டி. குண்டு இல்ல. சத்தியமா இல்ல."

"அப்படியென்றால் ஏன் சத்தம் வருகிறது?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை. செட் நின்றுவிட்டது. என்ஜின் நின்றுவிட்டது. அம்ப்ளிபயர் டொக் டொக் என்று சொல்லும் என எந்தப் பாடத்திலும் படித்ததில்லை. (மீதிப் பாதியில் இருந்திருக்கலாம்.) நானே பூட்டிய பெட்டி, நானே இறுக்கிய ஆணி. ஆனாலும் அந்த நிமிஷத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வேன் ஸ்டேஷனில் கிடந்த நேரத்தில் யாராவது எதையாவது உள்ளே வைத்திருப்பார்களோ? அப்படி இருந்தால் வெடித்துச் சாவேன். அப்படி இல்லாவிட்டாலும் இவர்கள் என்னைக் கொண்டுபோனால், அப்பா எந்த எந்த வாசலில் போய் நிற்பார்? நான் பெட்டியில் எதுவும் வைக்கவில்லை என்பதை யாரிடம், எந்த மொழியில் நிரூபிப்பார்?

"நீ செய்ததுதானே. நீயே போய் நிறுத்து" என்றார் கோப்ரல். காலரை விட்டார். எனக்குப் பின்னால் துப்பாக்கிகள் நிமிர்ந்த சத்தம் கேட்டது.

நடந்தேன். அதை நடை என்று சொல்ல முடியாது. இரண்டு கால்களும் தனித்தனியாக முடிவெடுத்துக்கொண்டிருந்தன. ராகலை மாரியம்மனுக்கு மொட்டை நேர்ந்தேன். பின்பு அது போதாது என்று காவடியும் சேர்த்தேன். மூடுபனிக்குள் வேன் மங்கலாக நின்றது. பின்பக்க மஞ்சள் விளக்கு எரிந்து அணைந்துகொண்டிருந்தது.

எரிந்தது. டொக். எரிந்தது. டொக்.

நின்றேன். திரும்பவும் பார்த்தேன். எரிந்தது. டொக்.

சித்தப்பா போட்ட சிக்னல்! அதை அவர் நிறுத்தவே இல்லை. சிக்னல் லைட்டின் எர்த் ஆணியிலேயே என் வயரையும் சுற்றியிருக்கிறேன். லைட் எரிகிற ஒவ்வொரு தடவையும் அந்த அதிர்ச்சி தூங்காத அம்புக்குள் போய், பேஸ் பெட்டி வழியாக வெளியே வருகிறது. ஜன்னல் வழியாகக் கையை விட்டு சிக்னல் சுவிட்சை அமுக்கினேன்.

சத்தம் நின்றது. மலை முழுக்க நின்றதுபோல இருந்தது.

அத்தோடு நானும் நின்றிருக்க வேண்டும். ஆனால் கண்டுபிடித்த சந்தோஷத்தில், எல்லோருக்கும் விளக்கிக் காட்ட வேண்டும் என்ற ஆர்வத்தில், "இங்க பாருங்க!" என்று கத்திக்கொண்டே சுவிட்சை மறுபடியும் அமுக்கினேன்.

டொக்!

ரோட்டில் நின்ற அத்தனை பேரும் தரையில் விழுந்தார்கள். கோப்ரலும் விழுந்தார். அப்போதுதான் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டிருந்த அதிபர் மறுபடி கானுக்குள் போனார்.

அதற்குப் பிறகு கோப்ரல் என்னிடம் பேசியவற்றை எழுத முடியாது. எனக்கு அவ்வளவு சிங்களமும் தெரியாது. இளைய சிப்பாய்தான் முதலில் சிரித்தான். கோப்ரல் திரும்பி முறைத்ததும் நிறுத்தினான். அம்ப்ளிபயரை அங்கேயே கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன். சுவிட்சைத் தொடுவதற்கு மட்டும் எனக்கு அனுமதியில்லை.

பிறகு அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள். அதிபருடைய அட்டையில் யாழ்ப்பாண விலாசம். கோப்ரல் அதை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் அட்டையைப் பார்த்தார், சேறு வழியும் அதிபரைப் பார்த்தார்.

"எல்லோரும் ஓடினார்கள். நீங்கள் ஏன் படுத்தீர்கள்?" என்று கேட்டார். மாப்பிள்ளை அதைத் தமிழில் சொன்னார்.

அதிபர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பழகிப்போச்சு" என்றார்.

மாப்பிள்ளை அதைச் சிங்களத்தில் சொன்னார். கோப்ரல் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சிப்பாயிடம் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அதிபர் முகம் கழுவும்வரை அவரே வாளியைச் சரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ராகலைக்கு வந்து சேர்ந்தபோது பலகாரமெல்லாம் ஆறிப்போயிருந்தது. எங்கள் லயத்து வாசலில் அக்கம்பக்கமெல்லாம் கூடி நின்று பார்த்தது ஒரு மாப்பிள்ளை வீட்டு ஊர்வலம்: சேற்றில் புரண்ட ஒரு பெரிய மனுஷர், ஒற்றைச் சப்பாத்து மாப்பிள்ளை, அலுங்காத தட்டோடு ஓர் அம்மா. பின்னால், அம்ப்ளிபயரைப் பிணம்போலத் தூக்கிக்கொண்டு நான்.

இந்தச் சம்பந்தமும் போச்சு என்று அம்மா அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"அவரு அம்மாவ விட்டுட்டா ஓடுனாரு?" என்றாள்.

"மொதல்ல ஓடுனாரு. அப்புறம் திரும்பி வந்து தூக்கிட்டுப் போனாரு."

"குண்டுன்னு நெனச்சிக்கிட்டேதானே வந்தாரு?"

"ஆமா."

"நீ ஓடலையா?"

"காலரப் புடிச்சிருந்தாங்கக்கா."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, தேத்தண்ணித் தட்டை எடுத்து, யாரும் கூப்பிடும் முன்பே வெளியே போனாள். அந்தக் கல்யாணம் தை மாதத்தில் நடந்தது. சித்தப்பாவின் வேனில்தான் பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலம். பாட்டு இல்லை. மச்சானே வேண்டிக் கேட்டுக்கொண்டார்.

இப்போது நான் ஹட்டனில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கிறேன். மீதிப் பாதிப் பாடத்தையும் படித்துவிட்டேன். ஊரில் என்னை நம்பி வீட்டு வயரிங் வேலையெல்லாம் தருகிறார்கள். ஆனால் அக்கா வீட்டில் நான் ஒரு பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாலும் மச்சான் பேப்பரை மடித்துவிட்டு எழும்புவார். "வாங்க எல்லாரும், ரோட்டுல நிப்போம்" என்பார். மச்சானின் அம்மா, எங்கள் அத்தை, கையை நீட்டுவார். அந்த வயதிலும் மச்சான் அவரைத் தூக்குவதுபோல பாவனை செய்வார். வீடே சிரிக்கும்.

போன மாதம் அங்கே போயிருந்தேன். அக்கா மகளோடு வேலை செய்யும் பையன் ஒருவன், அந்த வீட்டுக்கு முதல் தடவையாக வந்து, கூடத்தில் பவ்வியமாக உட்கார்ந்திருந்தான். சுவரில் கடிகாரம் நின்றுபோயிருந்தது. சும்மா இருக்க முடியாமல் இறக்கிப் புது பெட்டரி போட்டு மாட்டினேன். அது நல்ல பிள்ளையாக டிக் டிக் என்று ஓடத் தொடங்கியது. தேத்தண்ணியோடு வந்த அக்கா மகள் கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இத யாரு பூட்டுனது? மாமாவா?" என்றாள். கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு, முகத்தில் ஒரு சிரிப்புமில்லாமல், "எல்லாரும் வெளிய போயிருங்க" என்றாள்.

எங்கள் ஆட்கள் ஒருவரும் அசையவில்லை. அந்தப் பையன் மட்டும் எழும்பினான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வேகமாக முற்றத்தைத் தாண்டி, கேட்டையும் தாண்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான். அவனைத் திரும்பவும் உள்ளே கூட்டிவர மச்சானே போகவேண்டியிருந்தது.